ஜீப் கதவில் மூன்று ஓட்டைகள்

எல்லோரையும் நம்பிவிடுகிற என் அருமை அண்ணா,

உன் ராணுவ ஜீப் போருக்குப் போய் வந்துவிட்டது. நீ இறந்த பிறகுதான் போனது. அனுப்பிவைத்தவர் நம் சித்தப்பா. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "சும்மா நின்னா கெட்டுடும், அப்பப்ப எடுத்து ஓட்டுங்க சித்தப்பா" என்று சாவியைக் கொடுத்தாயே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

விக்கிரமங்கலத்தில் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கெல்லாம் ஓட்டினார். முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க எந்தக் கம்பியைத் தள்ள வேண்டும் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வரதராஜன்பேட்டை முந்திரித் தோப்பு மணலில் புதைத்துவிட்டு டிராக்டர் வைத்து இழுத்தார். "மிலிட்டரி வண்டின்னா கனம் ஜாஸ்தி" என்று அதற்கும் பெருமை.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓட்டித் தேய்த்து, அரியலூரில் துருப்பிடிக்கப் போட்டிருந்ததைத்தானே நீ வாங்கினாய்? நாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பச்சைக்கு அடியில் இந்தி எழுத்து வந்தது. பட்டாளத்தில் இருந்த பக்கத்துத் தெரு மாமா படித்துச் சொன்னார். "லங்கர்னு போட்ருக்கு. எங்க சமையக்கூடத்துக்கு அதான் பேரு. உருளக்கெழங்கு ஏத்துன வண்டிடா இது."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பட்டாளத்துக்கே சோறு போட்டுருக்கு புள்ள" என்றாய். உனக்கு அது போதுமாக இருந்தது.

சித்தப்பாவுக்கு உருளைக்கிழங்கு கௌரவக் குறைச்சல். நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், டிரில் மெஷினால் கதவில் மூன்று ஓட்டை போட்டு, ஓரத்தைச் சுத்தியால் உள்ளே தட்டினார். என்னை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து பதில் சொல்லச் சொல்வார்களே என்று பயந்து ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். என்னால் என்ன ஆகிவிடும்? மறுவாரமே அவர் வாயில் அவை எல்லைப் போரில் குண்டு பாய்ந்த ஓட்டைகள் ஆகிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஹோட்டல் கட்டும் ஒருவரை அழைத்துக்கொண்டு ஜீப்பிலேயே நம் வீட்டுக்கு வந்தார். அவர் ஹோட்டல் வாசலில் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். வண்டி உன் பேரில் இருப்பதால், விற்க வாரிசான அம்மா கையெழுத்துப் போட வேண்டும். "ஓட்டத் தெரியாத ரெண்டு பொம்பளைங்க இத வச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவைக் கரைத்திருந்தார். நீ செய்தது என்று தொட்டுப் பார்க்க எங்களுக்கு வேறு எது இருக்கிறது?

"இது மூணும் குண்டு பாஞ்சது சார்" என்று கதவைக் காட்டினார்.

"டிரில்லு போட்டது."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு என்னடி தெரியும்?"

"நீங்கதான் போட்டீங்க. நான் பாத்தேன் சித்தப்பா."

ஹோட்டல்காரர் சிரித்தார். "இருக்கட்டும்மா. கத நல்லாருக்குல்ல, வர்றவங்களுக்கு அது போதும்." சித்தப்பாவுக்குச் சரியான ஜோடி.

அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். இற்றுப்போன அந்தக் கதவுக்கு நீ தகரம் வெட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்ததை அவள் பார்த்திருக்கிறாளே. ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"எம்புள்ள செஞ்ச கதவையா தம்பி ஓட்ட போட்டீங்க?"

"ஒரு கெத்துக்குத்தான் அண்ணி..."

"சாவிய வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனார். ஹோட்டல்காரர் அவரோடு நடக்கவில்லை, ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு நிழலில் நின்றுகொண்டார். சித்தப்பா இப்போது ஊரெல்லாம் என்னை வாயாடி என்கிறாராம். அவர் வாயிலிருந்து வருவதால் எனக்கு அது பட்டம் மாதிரி இருக்கிறது.

பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு அரியலூர் போவேன். வழியில் யார் இந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் நிறுத்தி, முகத்தைப் பார்த்து, நானே பதில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
பாப்பா