மூன்று புட்டி, ஒரே வாசனை

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று மாதிரிப் புட்டிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. பஞ்சு வைத்துக் கட்டியிருந்த அழகைப் பார்த்தால், கிடங்கில் பீப்பாய்களோடு குப்பை கொட்டுகிறவள் கட்டியது மாதிரியே இல்லை.

ஒரே ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி. பன்னிரண்டு வருஷம் மூன்று பீப்பாய்களில் கிடந்தது. ஒன்றில் முன்பு அமெரிக்க விஸ்கியான போர்பன் இருந்தது, ஒன்றில் ஸ்பெயின் ஒயினான ஷெர்ரி, ஒன்றில் சாதாரணச் சிவப்பு ஒயின். எது எதுவென்று மோந்து சொல்லிக் கையெழுத்துப் போடத்தான் எனக்குச் சம்பளம். நிறம் பார்த்து ஏமாறாமலிருக்க வழக்கம்போல நீலக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, தண்ணீர் கலந்து, மூன்று நாள் முயன்றேன். மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. உலர்ந்த திராட்சை, கொஞ்சம் கிராம்பு. அதுவும் மூக்குக்கு வந்ததா, பழைய ஞாபகமா, தெரியவில்லை.

மேனேஜர் நீ தனக்கு அனுப்பிய மூன்று புட்டிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். உன் குறிப்பிலும் மூன்றுக்கும் மூன்று விதம். போன மாதக் காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கிறேன். என் இடத்துக்கு உன்னைச் சொல்லியிருக்கிறேன், அவரும் தலையாட்டிவிட்டார். வயிறு எரியவில்லை என்றால் பொய். ஆனாலும் வேறு யாரோ உட்காருவதற்கு நீ உட்காரலாம்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. நாம் மருந்துக் கம்பெனியில் இருப்பதாகத்தான் இன்னும் பக்கத்து வீட்டில் சொல்லி வருகிறாள். வேலை போனதற்கும் அவள் ஒரு கதை கட்ட வேண்டியிருக்கும்.

உன் அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ராஜினாமாவை மட்டும் கொடுக்காதே. தபாலை நம்பாமல் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மூன்று புட்டி நிரப்பி, தட்டில் பீப்பாய்க்கு ஒரு வரிசையாக வைத்தேன். உனக்கு, மேனேஜருக்கு, எனக்கு என்று வரிசைக்கு ஒன்றாக எடுத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு முழு வரிசையாகவே எடுத்துப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டினேன். உனக்கு வந்த மூன்றும் ஷெர்ரி பீப்பாய், அக்கா. திராட்சையும் கிராம்பும் உன் ஞாபகமில்லை.

மேனேஜருக்குப் போனது மூன்றும் போர்பன். எனக்கு மூன்றும் ஒயின். நாங்கள் இரண்டு பேரும் இல்லாத வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம்.

உன் கடிதம் வந்ததும் அழுதேன். அப்புறம் உன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை. பயிற்சிக்கென்று என் மூன்று புட்டிகளில் மீந்ததை எடுத்தபோது நீலக் குவளைகள் கழுவப் போயிருந்தன. சாதாரண டம்ளர்களில் ஊற்றினேன். மூன்றும் ஒரே சிவப்பு. தட்டு கண் முன்னால் வந்து நின்றது. பகல் சாப்பாடு முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம், அக்கா. அதற்கு மேல் முடியவில்லை. மேனேஜருக்கும் எழுதிவிட்டேன்.

சரியான மூன்று புட்டிகளை இத்துடன் அனுப்புகிறேன்.

உன் குட்டி

மார்ச் 9

என் குட்டிக்கு,

வியாழன் சாயங்காலம் வேன் வந்தது. ராஜினாமா என் கைப்பைக்குள் இருந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து ஓடி வந்தார். "ஒண்ணும் இல்லீங்க, என் மூக்கு இருக்கு"ன்னு சொன்னேன். "அது எப்பவும் அங்கதானே இருக்கு"ன்னார். அப்புறம் இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணீரும் வந்தது.

மேனேஜர் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் அவருடைய அந்த ஒரு பக்கத்தையும் வெளியே எடுக்க வேண்டிவரும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மறுபடி எழுதாதே. நானாக இருந்தால் ஒரு நாள் எடுத்திருப்பேன். நாற்காலி இப்போதைக்கு உனக்குக் கிடையாது. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

புதுப் புட்டிகளை இன்று காலை பார்த்தேன். முதலாவது ஒயின், இரண்டாவது போர்பன், மூன்றாவது ஷெர்ரி. இரண்டாவதில் வெனிலாவுக்குப் பின்னால் ரோஜா வாசனை வந்தது. எந்தப் பீப்பாயிலும் ரோஜா இருக்காது. புட்டி நிரப்புவதற்கு முன் கையில் க்ரீம் தடவாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது?

அக்கா