பிடுங்கி நடாத பயிர்

21 அக்டோபர் 1934, ஞாயிறு

கேரட் விதைத்தாயிற்று. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சாஜிதா பேகம் கொடுத்த விதை. அவள் அத்தா ஊட்டிக் காய்கறி விற்பவர். இங்கே வெயில் தணிந்து ஐப்பசி மழை பிடிக்கும்போது போட்டால்தான் வருமாம். ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லெல்லாம் பொறுக்கி, ஆற்று மணல் கலந்தேன். மக்கிய பழைய எரு மட்டும். புது எரு போட்டால் கிழங்கு இரண்டு மூன்று காலாகக் கவைத்துவிடுமாம். விதை சீரகத்தைவிடச் சிறியது. வரிசையாகத் தூவி, நகத்தளவு மண் மூடி, நனைத்த சாக்கை மேலே விரித்தேன்.

அம்மாவுக்கு இது மஞ்ச முள்ளங்கி. “தொரைமாரு திங்கறது நமக்கெதுக்கு கண்ணு?”

கொத்துகிற கை நம்முடையது. தின்கிற வாய் மட்டும் அவர்களுடையதா?

2 நவம்பர்

முளை! சாக்கைத் தூக்கினால் பச்சை மயிர் போல. பன்னிரண்டு நாள். பள்ளிக்கு நேரமாகியும் உட்கார்ந்தே இருந்தேன்.

18 நவம்பர்

அன்னூரிலிருந்து காளியாத்தாள் வந்து போனாள். தன் மகனுக்கு என்னைக் கேட்கிறாள். தையிலேயே கல்யாணமாம். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை இருக்கிறது என்றேன். சிரித்தாள்.

“பொட்டப்புள்ள நாத்தாட்டம் அம்மணி. காலத்துல புடுங்கி நட்டாத்தான் வெளையும்.”

அப்பாவும் தலையாட்டினார். அண்ணன் பாலுசாமி காலேஜில் இரண்டு தரம் தவறியவன். அவனை யாராவது பிடுங்கினார்களா?

25 நவம்பர், ஞாயிறு

நெருக்கத்தைக் கலைத்தேன். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். அப்பா பதறிவிட்டார். புகையிலை, மிளகாய், ராகி என்று ஆயுசெல்லாம் நாற்று நட்ட மனிதர்.

“உசுரோட இருக்கறத வீசிப்போடறயே?”

“இது எடம் மாத்துனா ஆகாதுங்கப்பா.”

“நட்டா ஆகாத நாத்து எந்தூர்ல இருக்குது?”

நான் வீசியதையெல்லாம் பொறுக்கி, பக்கத்திலேயே ஒரு பாத்தி கட்டி, ஒவ்வொன்றாக நட்டார். குழந்தைக்குப் புகட்டுவதுபோலத் தண்ணீர் விட்டார். கோபமாக இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

12 டிசம்பர்

ஜாதகம் பார்த்தாயிற்று. பத்துக்கு எட்டுப் பொருத்தம். என்னை யாரும் கேட்கவில்லை.

29 டிசம்பர்

அப்பாவின் பாத்தியில் தழை அடர்த்தி. தினம் வந்து பார்த்துவிட்டு மீசைக்குள் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

வெயிலில் பாத்தி ஓரம் படித்துக்கொண்டிருந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். நான் மண்ணுக்குள் இருந்தேன். இருட்டாக இல்லை, கேரட் நிறத்தில் ஒரு வெளிச்சம். கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தேன். தடுக்க ஒரு கல் இல்லை. எங்கோ ஆறு ஓடும் சத்தம். அம்மா கூப்பிட்டதும் மேலே வர மனமில்லை.

15 ஜனவரி 1935

தை பிறந்துவிட்டது. உப்புச் சர்க்கரை மாற்ற பிப்ரவரி 3 என்று குறித்துவிட்டார்கள். மாற்றினால் கல்யாணம் முடிவானதுபோலத்தான். பிறகு என் புஸ்தகம் எதற்கு? அடுப்பெரிக்கவா?

1 பிப்ரவரி

காலையில் அப்பாவே கூப்பிட்டார். முதலில் தன் பாத்தியில் பிடுங்கினார். இரண்டு கால். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்தது முறுக்கிய கயிறு. பிறகு என் பாத்தி: நேராக, ஒரு சாண்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கவைத்த ஒன்றைக் கழுவிக் கடித்தார். வெகுநேரம் மென்றார்.

“இனிக்கத்தான் செய்யுது. ஆனா எறங்க மாட்டாம தவிச்சிருக்குது கண்ணு.”

3 பிப்ரவரி

காளியாத்தாள் தட்டோடு வந்தாள். அப்பா எழுந்து கும்பிட்டார்.

“வெள்ளாமை நிக்குதுங்க. பங்குனி தாண்டட்டுமுங்க.”

“ஏனுங்க, வர்ற வழியில பாத்தனுங்களே. சோளம் அறுத்து உங்க காடே வெத்தாக் கெடக்குது. என்ன வெள்ளாமைங்க?”

“நிக்குதுங்க” என்றார் மறுபடியும்.

கதவுக்குப் பின்னால் நான்தான் நின்றிருந்தேன்.

தள்ளித்தானே வைத்தார், நிறுத்தவில்லையே. இதற்குப் போய்ச் சந்தோஷப்படக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். முடியவில்லை.

18 மார்ச், திங்கள்

முதல் பரீட்சை. அப்பா வண்டி கட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. காளைகளைப் பார்த்தபடியே கேட்டார்:

“இதுக்கு மேல படிக்கறது எத்தன மாசப் பயிரு?”

“இருவத்திநாலு மாசமுங்கப்பா.”

“கரும்பே பன்னெண்டு மாசந்தான அம்மணி!”

ரயில் போயிற்று. கேட் திறந்தது. மாட்டைத் தட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.