தகடு வெட்டுகிறவரின் வாய்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

நலம். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். ஒன்பதாவதோடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

கர்ப்பப்பையை எடுத்ததோடு தொல்லை விட்டது என்றிருந்தோம். இப்போது பரிசோதனையில், அம்மாவின் பிறப்புறுப்புக்குள் சில திட்டுகள் தெரிகின்றனவாம். புற்றுநோய் இல்லை, விட்டுவைத்தால் ஆகலாம். லேசரால் போக்கிவிடலாம் என்றார் டாக்டரம்மா. அம்மாவும் தலையாட்டினாள்.

கெடுத்தது நான். பட்டறையில் லேசரில் தகடு வெட்டுகிறவன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "அது இரும்பையே பழம் மாதிரி அறுக்கும்" என்று சாப்பிடும்போது பெருமையடித்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள், "எனக்கு எதுவும் வேணாம், இப்படியே இருந்துக்கிறேன்" என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. நீ பேசு, தாயே.

உன் அப்பன்


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

முதலில் உங்கள் வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்கள்.

நான் பேசமாட்டேன். டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு நீங்கள் சொன்னதை நம்பியிருக்கிறாள் அம்மா. மாற்ற உங்களால்தான் முடியும். அவளை டாக்டரிடம் கூட்டிப்போய், நீங்களும் உள்ளே உட்காருங்கள். உங்கள் சந்தேகத்தையெல்லாம் அவள் காதுபடவே கேளுங்கள். நாள் கடத்தவேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்


ஜூன் 22

வாயாடிக்கு,

போனில் பாதிதான் சொன்னேன். மீதியைக் கேள்.

நீ சொன்னபடி அம்மாவைக் கூட்டிப்போன அன்று டாக்டரம்மாவிடம், மிஷின் எத்தனை வாட், கை நடுங்கினால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். "இது வெட்டுறதில்லைங்க. மேல்தோல் அளவுக்கு, அந்தத் திட்டை மட்டும் ஆவியாக்குவோம். மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வோம்" என்றார். ஓட்டை விழாதா என்று நான் அடுத்ததை எடுக்க, அம்மா குறுக்கே வந்தாள். "இவருக்குப் பதில் சொல்லி மாளாது டாக்டர். தேதியைக் குடுங்க."

லேசர் வைத்த அன்று மாலையே வீடு திரும்பினாள். கொஞ்ச நாள் எரிச்சலும் கசிவும் இருந்தன. சில வாரம் தள்ளியே இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னபோது, நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மறுபரிசோதனை. திட்டு ஒன்றுகூட இல்லை. இனியும் தவறாமல் வந்து காட்டவேண்டுமாம்.

திரும்பும்போது பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அம்மா முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டாள், ஒளிவுமறைவில்லாமல். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன். கடைசியில் அம்மா சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது:

"டாக்டர்கிட்ட போறப்ப உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போம்மா. கேனத்தனமா நாலு கேள்வி கேட்க நமக்குன்னு ஒரு ஆளு வேணும்."

உன் அப்பன்