வண்டிக்கு அடியில் ஒரு சிவப்பு நூல்

உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிவப்புப் பட்டு நூல். கிரீஸ் ஏறி முக்கால்வாசி கறுத்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் டீசல் வாடை. அதற்குப் பின்னால், சாயம் போட்ட பட்டின் அந்தப் புளிப்பு வாடை, உன் வீட்டு வாசலை மிதித்ததும் வருமே, அதே வாடை. அடிப்பாவி! உனக்குக் காரியம் முடிந்து நாலு மாசம் ஆன பிறகு, ஒரு மெக்கானிக் பட்டறையில் வண்டிக்கு அடியிலிருந்து நீ என்னைக் கூப்பிடுவாய் என்று நான் கண்டேனா?

போட்ட டீ இரண்டு தடவையும் ஆறிப்போய்விட்டது. மைதானத்தில் ஐந்நூறு பெண்களை ஒரு விசிலில் நிறுத்துகிறவள் நான். இந்த நூலை மேஜையில் வைக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நமக்கு ஒரே பெஞ்சு. பத்து முடித்ததும் நீ சின்ன காஞ்சிபுரத்தில் உன் வீட்டுத் தறிக்குழியில் காலை விட்டாய். நான் விளையாட்டு டீச்சராகி விசிலை வாயில் வைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உன் தறிக்குப் பக்கத்தில் முறம் அளவு இடத்தில் உட்கார்ந்து வம்பளந்திருக்கிறேன். ஒரு நாள் பார்த்தால், தறிக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுப் போனைக் கட்டி வைத்திருந்தாய். போனுக்குள்ளே பனிமலை. கல்லும் முள்ளுமான பாதையில் ஒரு வண்டி தத்தித் தத்தி ஏறுகிறது. அதன் தலைமேல் கூடாரம். உன் கை நாடாவை எறிகிறது, கால் மிதியை மிதிக்கிறது, கண் மட்டும் இமயமலை ஸ்பித்தியில்.

"ஏய், நாம ரெண்டு பேரும் இது மாதிரி போலாமாடி?"

"எங்க? வரதர் கோயிலுக்கா?"

"ஸ்பித்திக்குடி. வண்டியிலயே தூங்கி, வண்டியிலயே சமைச்சி சாப்ட்டுக்கினு."

"பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்குதா உனக்கு?"

நீ நாடாவை நிறுத்தினாய். "முப்பது வருஷமா குழியில உக்காந்துக்கினு இருக்கேன். ஒரு தபா உசரத்துல உக்காந்து பாக்கணும்டி," என்றாய்.

அதற்கு மேல் என்னால் கேலி பேச முடியவில்லை. என்னை ஏன் எங்கே என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. உன் வீட்டுக்காரரோ, "போய்ட்டு வாங்க டீச்சர், தறிய நான் பாத்துக்கறேன்," என்று சிரித்துவிட்டார். வண்டி பார்க்கக் கிளம்பினோம்.

அமாவாசைக்குத்தான் உங்கள் தெருவில் தறிக்கு லீவு. அதனால் நம் வண்டி வேட்டையெல்லாம் அமாவாசைக்கு அமாவாசைதான். முதலில் போன அந்த ஏ.சி. ஷோரூமை மறக்க முடியுமா? "மேல கண்ணாடிக் கூரை பாருங்க மேடம், டச் ஸ்க்ரீன் பாருங்க மேடம்," என்று அந்தப் பையன் பாடிக்கொண்டிருக்கிறான். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பளிங்குத் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டாய்! எனக்கு உயிரே போனது. உன் இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிகிறது. உள்ளேயிருந்து உன் குரல்: "தம்பி, இது இரும்புச் சட்டத்து மேல ஒக்கார வச்ச வண்டியா, டப்பா மாதிரி மடிச்ச வண்டியா? நாலு சக்கரமும் இழுக்குமா, முன்னாடி ரெண்டு மட்டுமா? மலைக்குப் போடற சின்ன கியர் தனியா இருக்குதா?" அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிட ஓடினான்.

வெளியே வந்து உன்னைக் கடித்துக் குதறினேன். நீ புடவையைத் தட்டிக்கொண்டே, "வாங்கறவ முந்தானைய பாப்பா. நெய்யறவ பின்பக்கத்தத் திருப்பிப் பாப்பா. எனக்கு அப்படித்தான் பாக்க வரும், இன்னா பண்ணச் சொல்ற?" என்றாய். மானம் போகிறது என்று நான் முணுமுணுத்தேன். அன்று முதல் நீ ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் படுத்தாய், நான் ஒவ்வொரு வண்டிக்கும் பத்தடி தள்ளி நின்று, உன்னைத் தெரியாதவள் மாதிரி செல்போனைப் பார்த்தேன். ஒரு தடவைகூட நான் குனியவில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

வண்டி விஷயத்தில் உனக்கு இருந்த தெளிவு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வழுவழு ரோட்டுக்குச் செய்த வண்டி கல்லில் இறங்கினால் வயிற்றில் இடிக்கும் என்பாய். "கம்ப்யூட்டரா ரொப்பி வச்ச வண்டி மலையில நின்னா, கம்ப்யூட்டர்காரன எங்கடி தேடுவ? ஸ்பேனர் வச்சிருக்கற எவன் வேணா தொறந்து பாக்கற மாதிரி இருக்கணும்." என் அண்ணனின் பழைய ஜீப்பைப் பாலாற்று மணலில் நான் புதைத்த அன்று நினைவிருக்கிறதா? மாடு மேய்க்கிறவர்கள் கரையில் நின்று சிரிக்கிறார்கள், நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் இறங்குகிறது. நீ இறங்கிப் போய் நாலு டயரிலும் புஸ்ஸென்று காற்றைப் பிடுங்கிவிட்டாய். "ஐயோ, இன்னாடி பண்ற!" என்று நான் கத்தினேன். "டயரு பரந்து உக்காந்தா மணலு தாங்கும். இப்ப மெதுவா எடு," என்றாய். வண்டி பூனை மாதிரி வெளியே வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

உன் வீட்டில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். நெசவில் ஓர் இழை விட்டுப்போனால் நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். பார்த்தவர் அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிட்டு எழுந்து போவார். அடுத்து உட்காருகிறவர் நூலைப் பார்ப்பார், சரிசெய்வார். ஏன் வாயால் சொல்லக் கூடாது என்று கேட்டேன். "எதுக்க நின்னு குத்தம் சொன்னா நெய்யற கை தடுமாறும்டி. நூலக் கட்டிட்டா போதும், பாக்கறவங்களுக்குப் புரியும்," என்றாய். உங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓடுவதே அந்த நூலால்தான் என்று சொல்லிச் சிரித்தாய்.

அப்புறம் அந்தப் பச்சை வண்டி. ஐயம்பேட்டை தாண்டி ஒருவர் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் நின்றது. செகண்ட் ஹேண்டுதான். ஆனால் என்ன கம்பீரம்! உயரமான டயர், தலைமேல் கேரியர், முன்னால் இழுவைக் கயிறு சுற்றிய உருளை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வயல் தெரிந்தது. இதுதான், இதுவேதான் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ வழக்கம்போல அடியில் போனாய். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது தலையெல்லாம் புழுதி. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"வேணாம்டி. வா, போலாம்."

ஷேர் ஆட்டோவில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷமாகத் தேடிக் கிடைத்ததைத் தட்டிவிட்டாய் என்று பொரிந்தேன். "சட்டத்துல..." என்று நீ ஆரம்பித்தாய். "உன் சட்டத்தத் தூக்கி ஒடப்புல போடு! எது எடுத்தாலும் தறியும் சட்டமும்தான்!" என்று வெட்டினேன். "நீ கீழ பாத்தியா?" என்று கேட்டாய், சத்தமே இல்லாமல். உனக்குக் கிளம்புகிற நேரத்தில் பயம் வந்துவிட்டது, அதற்குத்தான் இந்தச் சாக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"நீ அந்தக் குழியிலயே கிட. அதுக்குத்தான் நீ லாயக்கு."

ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டாய்.

மறுநாள் இரண்டு தடவை போன் பண்ணினாய். நான் கட் பண்ணினேன். வீம்பு. அடுத்த அமாவாசை வந்தது. அன்றைக்கு எப்படியும் நீ வருவாய் என்று செருப்பைக்கூட வாசலில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. சரி, ரோஷம்தான் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து உன் மகள் போன் பண்ணினாள். "ஆன்ட்டி, அம்மா... தலையில நரம்பு வெடிச்சிடுச்சாம் ஆன்ட்டி." நான் ஓடி வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தறியில் பாதிப் புடவை நின்றது. குழியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலு மாசம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. போன வாரம் திடீரென்று கிளம்பி ஐயம்பேட்டைக்குப் போனேன். அதே பச்சை வண்டி அதே வேப்பமரத்தடியில் நின்றது. வாங்குவது, முன் சீட்டில் உன் போட்டோவை வைத்துக்கொண்டு ஸ்பித்திக்குப் போவது, உயரத்தில் உட்கார வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. நம்ம ஊரில் எந்த வண்டியில்தான் ஏதாவது ஒரு கோயில் கயிறு இல்லை? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆமாம், ஒற்றிக்கொண்டேன்!

அண்ணன்தான் பிடிவாதமாக, "பட்டறையில ஒரு தபா காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு," என்றான். இன்று காலை வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் அதைக் குழிக்கு மேல் நிறுத்திவிட்டு, விளக்கோடு கீழே இறங்கினார். ஐந்து நிமிஷம் கழித்து அவர் குரல் வந்தது.

"டீச்சர், கொஞ்சம் குழியில எறங்கி வாங்க."

குழி. ஆட்டோவில் நான் உன்மேல் எறிந்த அதே சொல். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால், வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் இரும்புச் சட்டத்தில், கறுப்புப் பெயிண்ட் திட்டாகத் தடித்திருந்தது. அதன் நடுவே தலைமுடி அளவு விரிசல்.

"ஒரு வாட்டி ஒடஞ்சி ஒட்ட வச்சிருக்காங்க. மேல பெயிண்ட்ட அப்பிட்டாங்க. டவுன்ல ஓட்டலாம், தெரியாது. மலையில கல்லு மேல ஏறி எறங்கினா சட்டம் ரெண்டா போயிடும், அவ்ளோதான்." பிறகு விரலால் காட்டினார். "யாரோ ஏற்கெனவே பாத்து அடையாளம் வச்சிருக்காங்க பாருங்க. நூல் கட்டியிருக்குது."

விரிசலுக்குப் பக்கத்துத் துளையில் சிவப்புப் பட்டு நூல். நெசவுக்காரி போடும் அந்தத் தட்டை முடிச்சு, இரண்டு நுனியும் ஒரே அளவில் நறுக்கியது. நகத்தால் அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. அவர்தான் பிளேடால் அறுத்துக் கொடுத்தார்.

மேலே ஏறி வந்ததும் கைப்பிடியைப் பார்த்தேன். அங்கேயும் அதே தட்டை முடிச்சு. வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். விரிசல் தனக்கே தெரியாது, தானும் இன்னொருவரிடம் வாங்கியதுதான் என்று அவர் இழுத்தார். கதவில் நூலைக் கட்டியது யார் என்று கேட்டேன்.

"உங்க கூட வந்தாங்களே, அந்த அம்மாதான். அடுத்த அமாவாசைக்குத் தனியா வந்தாங்க. வாங்கறதுக்கு முன்னாடி சாமி கயிறு கட்டறாங்க போலன்னு விட்டுட்டேன். 'டீச்சர் கீழ குனிய மாட்டா, அதான் கண்ணுல படற மாதிரி கட்டறேன், பாத்தா அவளுக்குப் புரியும்'னாங்க. நான் இன்னாத்த கண்டேன்?"

நான் செருப்பை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அமாவாசை. உனக்கு மாசத்தில் ஒரே ஒரு லீவு நாள். திட்டு வாங்கியவள் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போய், திட்டியவளின் உயிருக்குக் காவல் கட்டிவிட்டு வந்திருக்கிறாய். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் உன் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு உன் நூல் தெரியவில்லை! நேரே என் வீட்டுக்கு வந்து கன்னத்தில் ஒன்று விட்டு, சட்டம் ஒடஞ்சிருக்குதுடி முண்டம் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எப்படிச் சொல்லுவாய். போனைக் கட் பண்ணினவள் நான்தானே.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கிளம்பும்போது மெக்கானிக், "நூல் கட்டினவங்களுக்கு நல்ல கண்ணு டீச்சர். அடுத்த வண்டி பாக்கப் போறப்போ அவங்களையும் இட்டுக்கினு போங்க," என்றார். "சரிப்பா," என்றேன். வேறென்ன சொல்ல?

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் சிவப்பு நூல் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். நீ விட்ட புடவையை அவர்தான் முடித்துக்கொண்டிருக்கிறார். குழியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு வண்டி இருக்கிறதாம். வருகிற அமாவாசைக்குப் போகிறேன். யார் சிரித்தாலும் சரி, தரையில் படுத்து அடியில் போய்ப் பார்ப்பேன். உன் கண் எனக்கு வராது, ஆனாலும் பார்ப்பேன். நீ கட்டிய நூலை இப்போதுதான் என் விசில் கயிற்றோடு சேர்த்து முடிந்துவிட்டேன். இனி ஸ்கூலுக்கும் மலைக்கும் அது என் கழுத்தில்தான். உன் வீட்டுக்காரர் கொடுத்த நூல் கைப்பையில் இருக்கிறது. குற்றம் கண்ட இடத்தில் கட்ட வேண்டும், அவ்வளவுதானே? ஷேர் ஆட்டோவில் நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மட்டும் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லையடி.