ஏழாம் நம்பர் கிணறு

என் அக்கா பெற்ற ஒரே மகளும், தலைநகரில் உட்கார்ந்து நாட்டுக்கே சட்டம் எழுதும் பெரிய மனுஷியுமான என் மருமகளுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். முழங்கால்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ரொம்பவே சௌக்கியம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தண்ணீருக்கு ஓர் ஆபீஸ், மண்ணுக்கு ஓர் ஆபீஸ், மரத்துக்கு ஓர் ஆபீஸ் என்று மூன்றும் பேச்சில்லாத ஓரகத்திகள் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்ற காலத்திலேயே, "ஒருநாள் மூணையும் ஒரே சட்டத்துல கட்டிப்போடுவாங்க, எழுதப்போறது எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று முடிதிருத்தும் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். அப்போது நீ மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு ஏழுக்கு மேல் வராது உனக்கு. அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பார். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவருக்கு ஞாபகம் போதாது. ஆனாலும் சாட்சி சாட்சிதான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத் தெருவுக்கே சட்டத்தை விளக்கிவிட்டேன். வட்டாரத்துக்கு ஒரு சாட்சிக் கிணறு. அதில் தண்ணீர் தரையிலிருந்து எழுபது அடிக்குக் கீழே போய்விட்டால் அந்த வட்டாரத்தையே மூடிவிடுவீர்கள். புதிதாக ஆழ்துளை போடக்கூடாது, குன்றுச் சரிவில் மரம் வெட்டக்கூடாது, மேல்மண் அள்ளக்கூடாது. எழுபதுக்குள் இருந்தால் எதற்கும் தடையில்லை. நான் இப்படிச் சொல்லி முடித்ததும் தையல்காரர், "எட்டாவதுகூட முடிக்கலையேய்யா நீரு, இதெல்லாம் எப்படி மண்டையில ஏறுது?" என்று கேட்டார். நான் முடிக்காதது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்றேன்.

நம் வட்டாரத்தின் சாட்சி, குன்றடியில் இருக்கும் ஏழாம் நம்பர் கிணறு. அதை அளப்பவன் நான். ஆக, இந்தச் சட்டத்தில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இவன் நாடாவால அளக்கறதைவிட வாயால அளக்கறதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லேசான வேலை என்று நினைத்துவிடாதே. அளவு நாடாவின் நுனியில் இரும்புக் குண்டு. அதற்கு மேலே பத்து அடிக்குச் சாக்கட்டியைத் தேய்த்து மெதுவாக இறக்க வேண்டும். குண்டு தண்ணீரைத் தொட்டால் களுக் என்று சத்தம் வரும். இழுத்துப் பார்த்தால் நனைந்த இடம் வரைக்கும் சாக்கட்டி நிறம் மாறியிருக்கும். அதை வைத்துக் கணக்குப் பார்த்து நோட்டில் ஓர் எண் எழுதவேண்டும். அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் எழுத இடம். மாதா மாதம் பன்னிரண்டு கிணறு, அத்தனையும் நடை. ஒன்பது வருஷத்தில் என் கை சொன்னதை எந்த ஆபீசரும் மறுத்துப் பேசியதில்லை.

ஒரே ஒரு தடவை, போன வருஷக் கோடையில், தண்ணீர் ஆபீஸ் கிளார்க் போன் பண்ணினான். ஏழாம் நம்பருக்கு நேரே சைபர் போட்டிருந்தேனாம். "பெரியவரே, மேலேருந்து கீழே அளக்கறோம். சைபர்னா தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்குதுன்னு அர்த்தம். கெணறு வழியுதா அங்கே?" என்று கேட்டான். பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது எனக்குக் கேட்டது. நான் விடுவேனா? "ஆமாய்யா, வழியுது, குடும்பத்தோட குளிக்க வா" என்றேன். அப்புறம் அறுபத்திரண்டு என்று சரியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

அது கிடக்கட்டும்.

இப்போது ஊர் விஷயம். துளை போடும் லாரிகள் மூன்று வந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்கின்றன. குன்றுக்குக் கீழே இருக்கும் புதுத் தோட்டத்துக்காக நாற்பது இடத்தில் போடப்போகிறார்களாம். சரிவில் மரங்களுக்குச் சிவப்பு மையால் எண் போட்டாயிற்று. பதினைந்தாம் தேதி, நம் வட்டாரம் இல்லாத மூடல் பட்டியலில் கையெழுத்தானதும் முதல் துளை. அவர்களுடைய மேஸ்திரி என்னைத் தேடி வந்து, "ஐயா, உங்க நோட்டாலதான் எங்களுக்கு வழி தெறந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரொம்ப நேரம் விடவே இல்லை. தங்கமான மனுஷன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவலாம் என்று பார்த்தேன். குடத்தில் இருந்தது குடிக்கத்தான் போதும்.

தெருக் கைப்பம்பில் முன்பெல்லாம் பத்துத் தடவை அடித்தால் தண்ணீர் வரும். இப்போது நாற்பது. உன் அம்மா எண்ணிக்கொண்டே அடிக்கிறாள். இருபதுக்கு மேல் நான் வாங்கி அடிப்பேன், அதற்குமேல் எனக்கும் தோள் ஒத்துழைப்பதில்லை, மறுபடி அவளே அடிப்பாள். லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறது, சில வாரம் ஒரு நாள். நேற்று வரிசையில் நின்றவள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். இதை உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். "நாற்பது துளை போட்டா இந்தப் பம்பு அடுத்த வெயிலைப் பார்க்காதுடா தம்பி" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "நம்ம பிள்ளை அங்கே இருக்கா, தெரியாமலா விட்டிருப்பா" என்றாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் தெருவில் படித்துக் காட்டவில்லை. விசாரணையில் தோட்டக்காரர்களின் வக்கீல் ஏழாம் நம்பர் நோட்டை நீட்டி, தண்ணீர் அறுபத்தைந்துகூடத் தொடவில்லையே, எதற்கு மூடவேண்டும் என்று கேட்டாராம். இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்று உங்கள் இன்ஜினீயர் சொன்னாராம். அதற்கு நீ எழுந்து நின்று, அது என் மாமாவின் நோட்டு, ஒரு விரற்கடைகூடப் பிசகாது என்று சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய். நீயே பேனாவை எடுத்து நம் வட்டாரத்தை மூடும் பட்டியலிலிருந்து நீக்கினாயாம். மனசு கேட்கவில்லை மாமா, ஆனால் எண் எண்தானே என்று எழுதியிருக்கிறாய்.

நான் பேசியதை இந்த ஊரில் யாரும் அப்படியே நம்பியதில்லை கண்ணு. பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார்கள், அது எனக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் பேசினேன். முழுதாக நம்பியது நீ ஒருத்திதான்.

நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முதலில் எழுதியதில் லாரிகள் இல்லை, பம்பும் இல்லை. கிழித்துவிட்டேன்.

அந்தக் கிளார்க் போன் பண்ணிய மாதம், ஏழாம் நம்பரில் குண்டு டொக் என்று கிணற்றுத் தரையில் இடித்தது. இழுத்துப் பார்த்தால் சாக்கட்டி பூசினது பூசினபடியே இருந்தது. தண்ணீர் ஒன்றுமில்லை, அதனால் சைபர் போட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அவர்கள் சிரித்ததும் வாய்க்கு வந்தது அறுபத்திரண்டு. இல்லையப்பா, வறண்டுபோச்சு என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைபருக்கு அர்த்தம் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்று பார்த்தேன். வறண்ட கிணற்றுக்கு அளக்கிற ஆள் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்றும் இருந்தது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய், கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, போன மாத எண்ணுக்கு மேலே கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு வந்தேன். மற்றப் பதினொன்றும் சத்தியமாக அளந்தவை.

பதினைந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்ஜினீயரையே அனுப்பு, நான் கூடவே போய் நிற்கிறேன். இந்தக் கடிதத்தையும் காட்டு. குடும்பக் கடிதம் என்று பெட்டியில் வைத்துவிடாதே. உன்னை நாலு வார்த்தை கேட்பார்கள். மாமா ஏமாற்றிவிட்டான் என்று சொல், அது உண்மைதானே. நோட்டையும் நாடாவையும் ஆபீசில் ஒப்படைக்கத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நீ எழுதும் சட்டம் உன் மாமனைவிட நீண்ட நாள் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

ஏழாம் நம்பர் கிணறு. இன்று காலை அளந்தது. எண்பத்தொரு அடி, தரை. தண்ணீர் இல்லை.