முன்னால் எதுவும் நிற்காத எண்

ஜூன் 18, 2025

357686312646216567629137.

இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக்கொண்டே போனாலும் மிஞ்சுவது பகா எண்தான். கடைசியில் 9137, 137, 37, 7. இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது. முன்னால் எந்த இலக்கத்தை வைத்தாலும் வகுபட்டுவிடும். கணினி இதை எப்போதோ தேடிச் சொல்லிவிட்டது. கணினி இல்லாமல் காட்டுவதுதான் என் ஆய்வின் மூன்றாம் இயல்.

2, 5, 8 வைத்தால் மூன்றால் வகுபடும். 3 வைத்தால் ஏழால். 6 என்றால் பதினொன்றால், 9 என்றால் 101-ஆல். 1, 4, 7 மட்டும் மாதக்கணக்கில் என்னைப் படுத்தின. இன்று அவையும் முடிந்தன. ஆம்பூர் பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 20

என் வழிகாட்டி இன்பராஜ் சாரிடம் கொடுத்தேன். "நல்லா வந்திருக்கும்மா. வச்சிட்டுப் போ."

ஆகஸ்ட் 7

என் இயல் ஆய்விதழில் வந்துவிட்டது. இன்பராஜ், நவீன்குமார் என்று இரண்டு பெயர்கள். நவீன் என்னோடு அதே சாரிடம் சேர்ந்தவன். வாக்கியமெல்லாம் என்னுடையது. என் பெயர்? அடிக்குறிப்பில்கூட இல்லை.

சாரிடம் கேட்டேன். "அவனுக்கு லெக்சரர் இன்டர்வியூ வருதும்மா. உனக்கு இன்னா அவசரம்? ஸ்கூல் வேலதான் இருக்குதே."

இருக்குது. அதனால்?

ஆகஸ்ட் 8

கூட வேலை பார்க்கும் ஹீனாவிடம் சொன்னேன்.

"ஹெச்.ஓ.டி கிட்ட கம்ப்ளெய்ன்ட் குடு."

"அவர்தான் ஹெச்.ஓ.டி."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

செப்டம்பர் 2

7-க்கு எழுதிய வாதத்தை மறுபடி பார்த்தேன். ஒரு மீதியைத் தப்பாக எடுத்திருக்கிறேன். முடிவு சரி, வழி தப்பு. என் தப்பு, அவர்கள் பெயரில். சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம்தான். வெள்ளிக்கிழமை வேலூர் கருத்தரங்கில் நவீன் வாசிக்கப்போவது இதைத்தான். சொல்லாமல் விட்டால் என்ன? அவர்களுக்குப் பட்டால்தான் தெரியும் — ஆனால் தப்பான கணக்கு ஊர் சுற்றுவதை என்னால் பார்க்க முடியாது. சாருக்குப் போன் செய்தேன்.

"இப்ப வந்து கொழப்பாத சௌந்தர்யா. எவன் ஒக்காந்து வகுத்துப் பாக்கப்போறான்?"

செப்டம்பர் 5

பார்த்தார்கள். அரக்கோணத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர் எழுந்து அந்த மீதியைத்தான் கேட்டார். நவீன் தண்ணீர் குடித்தான். சார் மைக்கை வாங்கினார்.

"அந்தப் பகுதி மட்டும் எங்க ஸ்காலர் சௌந்தர்யா செஞ்சது. பின்னாடிதான் இருக்காங்க. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. என் பேரு சபையில வந்தது இப்படித்தான். த்தூ.

செப்டம்பர் 6

எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 11

7 விழுந்தது. இந்த முறை சுத்தமாக. முழுவதையும் புதிதாக எழுதி வேறோர் இதழுக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 14

மதியம் சார் போனில் கூப்பிட்டார். "அந்த ஏழ மட்டும் சரி பண்ணிக் குடும்மா. திருத்தம் போடணும். இந்தத் தடவ உன் பேரயும் சேத்துக்கலாம்."

"பண்ணிட்டேன் சார். தனியா அனுப்பிட்டேன்."

"என் கையெழுத்து இல்லாம டாக்டரேட் எப்டிம்மா வாங்குவ?"

"வாங்கல சார்."

போனை வைத்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன். பகு எண், பகா எண் பாடம். நன்றாகத்தான் நடத்தினேன்.