உன் காலும் அப்படித்தான் இருந்தது

அச்சங்குளம்
புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை செழியனும், பிறந்து பதினெட்டு நாளான பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். நீ சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் சொல்லும்போதே குரல் உடைந்துவிடுகிறது. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ அழுகிறாய், அதற்குப் பிறகு நான் சொல்ல வந்தது ஒன்று, சொல்வது ஒன்று. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்று காலை பத்தரை மணிக்கெல்லாம் மேற்கே இடி இடிக்கவும் பட்டாசுக் கம்பெனியில் எல்லா ரூமையும் பூட்டி எங்களை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு நாலு வாரம்தான் இருக்கிறது, லோடு போய்க்கொண்டே இருக்கிறது, இருந்தாலும் இடி என்றால் மருந்துப் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது, உனக்குத் தெரியாததா. உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். தபாலில் போட்டால் உன் கைக்கு வர மூன்று வாரமாகும் என்கிறார்கள், அதனால் எழுதி முடித்ததும் சாத்தூரில் பாண்டிமுருகன் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து உன் ஈமெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். காகிதத்தையும் தனியாகத் தபாலில் போடுகிறேன், என் கையெழுத்து உன் வீட்டில் இருக்கட்டும்.

பேரனுடைய கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருக்கிறது, பாதம் உள்ளே பார்த்துத் திரும்பியிருக்கிறது, நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நம்ப முடியவில்லை என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து நீ அனுப்பிய போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு விரலை எடுத்து அந்தச் சின்னப் பாதத்தின் ஓரத்தில் வைத்து மெல்ல வெளியே தள்ளினாள். பாதம் எங்கே நகரும், போட்டோதான் நகர்ந்து அடுத்த போட்டோ வந்தது. திரும்பவும் பழைய போட்டோவுக்கு வந்து திரும்பவும் தள்ளினாள். நான் பின்னால் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. இசைவாணி, ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, உன்னைப் போகாதே என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை, "நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குத்த வச்சே கட்டை அடுக்குனேன், எம் பிள்ளைக்கு அப்பிடி ஆச்சு. இவ மாசக்கணக்கா நின்னுக்கிட்டே வேலை பாத்திருக்கா, அவ பிள்ளைக்கு இப்பிடி" என்றாள். எனக்கு முதுகில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. இருபத்தேழு வருஷமாக அவள் மனதுக்குள் இதை வைத்திருந்திருக்கிறாள். அதை அங்கே வைத்தது நான். நீ அறியாத கதை இது, நாங்கள் சொன்னதில்லை, சொல்லும்படியாக நான் நடந்துகொள்ளவும் இல்லை.

நீ பிறந்தபோது உன் காலும் இப்படித்தான் இருந்தது. சாத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாய், துணியை விலக்கிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, உள்ளங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கும்பிடுகிற மாதிரி சேர்ந்திருந்தது. பிடித்து நீட்டினால் நீளும், விட்டால் திரும்ப மடங்கிக்கொள்ளும். உன் ஆவுடைத்தாய் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏலே ஆண்டிச்சாமி, இவ எட்டாம் மாசம் வரைக்கும் தீப்பெட்டி ஆபீஸ்ல குத்த வச்சுக் குத்த வச்சுக் கட்டை அடுக்குனாள்ல, அதான் பிள்ளை காலு கோணிப்போச்சு. பொம்பளப்பிள்ளைலே, நாளைக்கு யாரு கட்டுவா" என்றாள். அக்காவைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவள் அறிந்தது அவ்வளவுதான். நான் என்ன செய்திருக்க வேண்டும், பேசாமல் இரு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதோடு விடாமல் உன் அம்மாவைப் பார்த்து, "எம்புட்டுச் சொன்னேன், கேட்டியா" என்றேன். நான் ஒன்றுமே சொன்னதில்லை, தாயி. அவள் வேலைக்குப் போனது நான் சொல்லித்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் அப்போது மருந்துக் கலவை ரூமில் இருந்தேன். உடம்பெல்லாம் வெள்ளி மாதிரிப் பொடி ஒட்டியிருக்கும், குளித்தாலும் நகக்கண்ணில் மின்னிக்கொண்டிருக்கும், அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன், அந்தக் கையோடுதான் உன் அம்மா பக்கத்தில் இருந்தேன். உன் காலைப் பார்த்த அந்த நிமிஷமே என் மருந்துதான் என் பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. யாராவது அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தபோது அக்கா பழியைத் தூக்கி உன் அம்மா மேல் வைத்தாள். நான் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைத் தூக்கவும் பயம், இருபது நாளில் நாலு தடவைகூட நான் உன்னைத் தூக்கியிருக்கமாட்டேன். பிள்ளை மேல் பாசமில்லை என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள்.

அக்கா சொல்லி ஏழாயிரம்பண்ணையில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற நாகையாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ஒரு மாதத்தில் நேராகிவிடும் என்று பேச்சு. உன் அம்மா, "ஒரே ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருவோம், அதுக்கப்புறம் நீங்க என்னவும் செய்யுங்க" என்று நாலு நாளாகக் கேட்டாள். ஆர்டர் இருக்கிறது, லீவு கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாகையா பத்தைகளையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார், உள்ளே போய்ப் பார்த்தால் நீயும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள், அந்த உடம்போடு உன்னைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தே போய் பஸ் ஏறியிருக்கிறாள். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வழியெல்லாம் என்னென்ன திட்டுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சாத்தூரில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரு குழந்தை டாக்டரம்மா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, உன்னை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மா உன்னை மேஜை மேல் போட்டுத் துணியை அவிழ்த்தார். இடுப்பைத் திருப்பிப் பார்த்தார், இரண்டு காலும் ஒரே நீளமா என்று சேர்த்துப் பார்த்தார். பிறகு உன் முழங்காலை வயிற்றோடு மடக்கி, பாதத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். நீ அப்படியே சுருண்டு கச்சிதமாக அடங்கிவிட்டாய், அழுதுகொண்டிருந்தவள் அழுகையையும் நிறுத்திவிட்டாய். "வயித்துக்குள்ள இப்படித்தான்மா மடங்கி இருந்தா. மாசக்கணக்கா மடிச்சு வச்ச காலு மூணு வாரத்துல நிமிந்துருமா" என்றார். பிறகு குதிகாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கை விரலால் பாதத்தின் முன்பக்கத்தை லேசாகத் தள்ளினார், பாதம் நேராக வந்து நின்றது. "இப்படி விரலுக்கு இணங்கி வந்தா பயமில்ல, தானா சரியாகும். கல்லு மாதிரி விறைச்சு, தள்ளுனா வராம இருந்தாத்தான் மாவுக்கட்டுப் போடணும், அதையும் டாக்டருதான் போடணும்" என்றவர் என்னைப் பார்த்து, "அப்பா தானே, நீங்க தள்ளிப் பாருங்க" என்றார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் என் நகத்தைப் பார்த்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, உன் அம்மா காதில் விழாதபடி கிட்டே போய், நான் மருந்து வேலை பார்க்கிறேன், அதனால்தானா என்று கேட்டேன். "இந்த வளைவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் பிள்ளையத் தூக்கணும்" என்று சொல்லிக் குழாயைக் காட்டினார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு வந்து ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். உன் பாதம் என் விரலோடு வந்தது, ஐந்து விரலையும் விசிறி மாதிரி விரித்தாய். அந்த மென்மை இன்னும் என் விரலில் இருக்கிறது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

நாகையாவைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஒன்றரை வயதுக்குள் உன் கால் தானாக நிமிர்ந்துவிட்டது. மூன்று வயதில் முழங்கால் இரண்டும் இடித்துக்கொள்கிற மாதிரி நடந்தாய், திரும்பவும் பயந்துபோய் அதே டாக்டரம்மாவிடம் ஓடினோம், அதுவும் அந்த வயதுக்கு உள்ளதுதான் என்று சிரித்தார், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷத்தில் அதுவும் போயிற்று. ஆனால் மருந்து பற்றி நான் கேட்டதையும், என் பயத்தையும், பழியை அவள் மேல் தள்ளியதையும் உன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. கால் நேரானதும் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு நேராகவில்லை என்று முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே அந்த வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னால் ஆனதில்லை, என்னாலும் ஆனதில்லை, எனக்கு இருந்த பயத்தில் உன்னை மாட்டிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அவள் மடியிலிருந்த போனை எடுத்துப் படியில் வைத்தாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லிருந்தா நான் எம்புட்டு நிம்மதியா இருந்திருப்பேன்" என்றாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாளாக என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். ஆனால் இன்று காலை வேனுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, வேன் திரும்புகிறவரை நின்றாள். அது போதும் எனக்கு.

அதனால் சொல்கிறேன் தாயி, நீ நின்று வேலை பார்த்ததால் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று ஒரு நாளும் நினைக்காதே. மாப்பிள்ளை போன வாரம் உனக்குத் தெரியாமல் எனக்குப் போன் பண்ணி, "உங்க குடும்பத்துல யாருக்காவது கால் இப்படி இருந்துச்சா மாமா" என்று கேட்டார். முதலில் எனக்குச் சுருக்கென்றது, எங்கள் மேல் குற்றம் பார்க்கிறாரோ என்று. பிறகுதான் தோன்றியது, அவருக்கும் உள்ளே ஏதாவது பயம் இருக்கும், ஆம்பளை என்பதால் வெளியே சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்கிறார். நீயாகவே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். இரண்டு பேரும் இப்போதே பேசிவிடுங்கள், எங்களை மாதிரி இருபத்தேழு வருஷம் வேண்டாம். நர்ஸம்மா அடுத்த தடவை வரும்போது, நான் தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டு அவர்கள் முன்னால் உன் விரலால் தள்ளிப் பார், மாப்பிள்ளையையும் தள்ளிப் பார்க்கச் சொல். இணங்கி வந்தால் அதோடு விட்டுவிடு, நாள் முழுக்க அளந்துகொண்டிருக்காதே. வராமல் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வேறு மாதிரி இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ, கூச்சப்படாதே, நம் பிள்ளைக்கு நாம்தான் கேட்க வேண்டும். இடுப்பு ஸ்கேனுக்கு ஆறாவது வாரம் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாயே, அதை விட்டுவிடாதே. கால் நேராகட்டும் என்று துணியில் நீட்டி வைத்து இறுக்கிச் சுற்றாதே, அது பாட்டுக்கு மடக்கி உதைக்கட்டும். காலை நேராக்கும் என்று நெட்டில் பார்த்ததாகச் சொன்னாயே, அந்தப் பூட்ஸை வாங்கவே வேண்டாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பூண்டு சேர்த்துக்கொள், அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவுக்கு மாப்பிள்ளை கேட்ட பேப்பர் எல்லாம் விருதுநகர் போய் வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. நான் சீசன் முடிந்து பார்த்துக்கொள்கிறேன், முதலில் அவள் வரட்டும். அவள் விரல் ஒரு தடவை பிள்ளையின் பாதத்தில் பட்டுவிட்டால் போதும். எனக்கும் ஆசை இல்லையென்று இல்லை. வேனில் போகும்போது யாராவது கைப்பிள்ளையோடு ரோட்டோரம் நின்றால் முதலில் அந்தப் பிள்ளையின் காலைத்தான் பார்க்கிறேன், வேன் கடந்து போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளர்ந்து, நிறைந்த ஆயுசோடு இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, ஒன்று கேட்க வேண்டும். இதுவரை நீ அனுப்பியது நாற்பத்தொரு போட்டோ, எண்ணிப் பார்த்தோம். நாற்பதில் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுத்த ஒன்றில் குல்லா பாதி முகத்தை மறைத்துவிட்டது. வீடியோவில் வந்தாலும் கேமராவைக் காலுக்குத்தான் கொண்டுபோகிறாய். பதினெட்டு நாளாகிறது, பேரன் யார் ஜாடை என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அவன் விழித்திருக்கும்போது முகத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு தாயி.

என்றும் உன் நினைவில் இருக்கும் அப்பா,
பெ. ஆண்டிச்சாமி